நான்கு எலிகளும் ஒரு கையெழுத்தும்

கிட்வே,
அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை,
பிற்பகல் மணி இரண்டு பத்து.

என் பெருமதிப்புக்குரிய அக்கா மோனிக்காவுக்கு,

உன் உடன்பிறந்த தம்பி பேசில் சிசெங்கா, பொருளாதாரத் துறை வராந்தாவில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால்மேல் அட்டை வைத்து எழுதிக்கொள்வது. உன் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்றும், மரவள்ளி நட்டு முடித்திருப்பாய் என்றும், கசாமா பக்கம் மழை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கும் என்றும் நம்புகிறேன். நீ பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய உலர்ந்த புழு மூட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. தக்காளி போட்டு வதக்கிச் சாப்பிட்டோம். நான் சுகம். உன் மகள் கசுபா சுகம். கடவுள் கிருபையால் இந்த வரி வரைக்கும் எல்லோரும் சுகம்.

இதற்குக் கீழே இருப்பதை நின்றுகொண்டு படிக்காதே. மாதா கோயில் சங்கத்துப் பெண்கள் யாராவது வீட்டில் இருந்தால், அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டுப் படி. விஷயம் இதுதான். கசுபாவின் ஆனர்ஸ் இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்விடலாம். போனால் அதற்குக் காரணம் அவள் இல்லை, நான். ஆனால் யாரும் என்னிடம் சொல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்னைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

ஆனர்ஸ் என்றால் என்ன என்று நீ சங்கத்தில் எல்லோருக்கும் விளக்கிவிட்டதாகவும், பட்டமளிப்புக்கு நாற்பது பேர் மேளத்தோடு வருவதாகவும் எழுதியிருந்தாய். அந்த விளக்கத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மூன்றாம் வருஷத்தில் நூற்று எண்பது பேர் பொருளாதாரம் படித்ததில் ஒன்பது பேரைத்தான் ஆனர்ஸுக்குப் பொறுக்கினார்கள், அதில் நம் கசுபா முதல் என்பதெல்லாம் சரி. ஆனால் பொறுக்கியதோடு முடியவில்லை. தானே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதி, அதில் கைடு கையெழுத்துப் போட்டு, அது இன்று ஐந்து மணிக்குள் ஆபீசுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் சாதாரணப் பட்டம்தான். சாதாரணப் பட்டம் வாங்கினவர்களை மேலே படிக்கவோ இங்கேயே பாடம் நடத்தவோ சேர்க்கமாட்டார்கள். அவளுக்கு அது தவிர வேறு ஆசை கிடையாது. கைடு மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கசுபா என் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். நான் யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். பென்ஷன் ஆபீசுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம், பஸ் ஏன் ஆள் நிரம்பினால்தான் கிளம்புகிறது என்பது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. முப்பத்துநான்கு வருஷம் ரயிலில் கார்டாக இருந்து, ஒரு ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரம் வந்தால் பச்சைக்கொடி காட்டினவன் நான். "இதுக்கு எதுக்குடி ஆராய்ச்சி? திமிருன்னு ஒரே வார்த்தைல எழுதிக் குடுத்துட்டு வா" என்றேன். அவள் விளக்கினாள். பாதி காலியான பஸ்ஸில் யாரும் ஏறுவதில்லை. அதனால் பஸ்காரர்கள் சும்மா உட்காருவதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். பஸ் நிறைந்திருப்பதுபோலத் தெரியும், நிஜப் பயணி அவசரமாக ஏறுவான், அவன் ஏறினதும் உட்கார்ந்திருந்தவன் நைசாக இறங்கி அடுத்த பஸ்ஸில் போய் உட்காருவான். இப்படி எத்தனை பேர், எவ்வளவு நேரம் வீணாகிறது, அதை யார் தாங்குகிறார்கள் என்றெல்லாம் அவள் கணக்குப் போட்டுச் சொன்னபோது, அக்கா, இந்தத் தலை உன் தலை என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, காலையில நான் எண்ணிடுவேன். ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் எனக்குக் கிளாஸ். சிங்கோலா பஸ் எத்தனை மணிக்கு நிறைஞ்சுது, எத்தனை மணிக்குக் கிளம்பிச்சுன்னு நீங்க குறிச்சா போதும். முடியுமா?"

"முப்பத்துநாலு வருஷம் வேற என்னத்தப் பண்ணேன்? எங்கிட்ட வந்து முடியுமான்னு கேக்குற."

பத்து நாள், பிற்பகல் தோறும், மடக்கு நாற்காலியும் குடையும் எடுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். அட்டவணையைக் கோடு போட்டு, கார்டு கையெழுத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கட்டுரையின் முதல் நகல் கைடிடமிருந்து திரும்பி வந்தது. கைடின் பெயர் டாக்டர் மசேகோ. நீயே சொல், அந்தப் பெயரைக் கேட்டால் பெம்பா வீட்டில் பிறந்த யாருக்கும் என்ன தோன்றும்? ங்கோனி. கிழக்கே சிப்பாட்டா பக்கத்து இனம், நம்மைக் கேலி செய்ய உரிமையுள்ளவர்கள். முறைக்காரன். என் அட்டவணைக்குப் பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்: "இதை எண்ணியவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்." கசுபா முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். நான் தொடையைத் தட்டிச் சிரித்தேன். நம் பாட்டன்மார் அவர்களோடு வெட்டிக்கொண்டு, அப்புறம் போதும் என்று நிறுத்திவிட்டு, இனிமேல் வாயால் மட்டும் வெட்டிக்கொள்வோம் என்று முறை வைத்துக்கொண்டார்களே, அதிலிருந்து எந்த ங்கோனி ஒரு பெம்பாவைத் திட்டாமல் விட்டிருக்கிறான்? திட்டாமல் போனால்தானே நமக்கு வருத்தம்? அப்பாவை அடக்கம் செய்த அன்று ரெண்டு ங்கோனிக்காரர்கள் குழிக்குள் குதித்துப் படுத்துக்கொண்டு, "கிழவன் எங்களுக்குக் கோழி தரணும், வந்தாத்தான் எந்திரிப்போம்" என்று அடம்பிடித்ததும், மார்பில் அடித்துக்கொண்டு அழுத நீ சட்டென்று சிரித்துவிட்டதும் எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நீ அன்றைக்கு எழுந்தே இருக்கமாட்டாய்.

ஆகவே நான் கசுபாவிடம், "பயப்படாத, இது முறைக்காரன் கேலி. பிரியம் இருந்தாத்தான் இப்படி எழுதுவான்" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அட்டவணையைத் தவிர மற்றதையெல்லாம் திருத்தி, புது நகலை உறையில் போட்டு, போகிற வழியில் துறையில் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். கேலிக்குப் பதில் கேலி அனுப்பாவிட்டால் நம் குலத்துக்கே அவமானம் இல்லையா? அவர்கள் நம்மைக் குரங்கு தின்னி என்பதும், நாம் அவர்களை எலி தின்னி என்பதும்தானே வழக்கம்? நான் உறையைத் திறந்து, ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: "எலி தின்கிறவருக்கு எங்கள் அட்டவணை எப்படிப் புரியும்? முதலில் வாயைத் துடைத்துக்கொண்டு படிக்கவும்." வெறும் எழுத்தோடு விட மனம் வரவில்லை. சந்தையில் கிழக்குப் பக்கத்துப் பெண்களிடம் உப்புப் போட்டு உலர்த்திய எலி, குச்சியில் கோத்தது, ஐந்து வாங்கி உறையோடு சேர்த்துக் கட்டினேன். கல்லூரி கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜெரே அசல் ங்கோனி. நான்கு வருஷமாக என் அன்றாடத் திட்டு அவனோடுதான்.

"குரங்கு தின்னி, கையில என்னடா வாசனை?"

"உங்க ஆள் மசேகோவுக்கு மத்தியானச் சாப்பாடு. கேட்டைத் திற."

"மசேகோவா? அவரு எங்க ஆளா? காலையில குட்மார்னிங் சொல்றாரு, அதோட சரி. ஒரு நாளாவது என்னோட ஊரு பேரு பேசினதில்லையே."

இதை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. ஜெரே சுங்கம் என்று சொல்லி ஒரு எலியை உருவிக்கொண்டான். மீதி நான்கு எலிகள் டாக்டர் மசேகோவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.

இரண்டு வாரம் பதிலே இல்லை. அப்புறம் நகல் வந்தது. பென்சில் எழுத்தை யாரோ அழித்திருந்தார்கள். எலிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டவணைக்குக் கீழே மட்டும் பச்சை மையில்: "பிற்பகல் இரண்டு மணிக்குமேல் இந்தப் பஸ்கள் ரயிலாக மாறிவிடுகின்றன." அக்கா, வாழ்நாள் முழுக்க ரயிலில் வேலை பார்த்தவனுக்கு இதைவிடப் பாராட்டு உண்டா? அதை நான் ஜெரேயிடம் படித்துக் காட்டினேன். டீக்கடையில் படித்துக் காட்டினேன். சந்தோஷ மிகுதியில் அன்றைக்கே ஒரு காகிதத்தில், முறைக்காரனுக்கு எழுத வேண்டியதை முறைப்படி எழுதி, அவர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். கசுபாவிடம் சொல்லவில்லை. அவள் படிக்கிற பிள்ளை, இதிலெல்லாம் அவளை ஏன் இழுக்க வேண்டும் என்றுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கசுபாவுக்கு விசாரணை என்று கடிதம் வந்தது. ஆசிரியரை மிரட்டியதாகக் குற்றம். காப்பாளரையும் அழைத்து வரவும்.

இப்போது மூன்று அடித்தது. டாக்டர் மசேகோ வந்துவிட்டார். பச்சைப் பேனா சட்டைப் பையில் இருக்கிறது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், அது வணக்கமா கழுத்து வலியா தெரியவில்லை. கசுபாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். என் கையெழுத்து இனி கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

விசாரணையைச் சொல்கிறேன். நீள மேசை. நடுவில் துறைத் தலைவி டாக்டர் ஹாமூங்கா அம்மா, தோங்காக்காரர், கண்டிப்பானவர். ஒரு பக்கம் மசேகோ. எதிரில் நானும் கசுபாவும். மேசைமேல் ஒரு தட்டில் என் நான்கு எலிகள், ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டியிருந்தது. தலைவி என் காகிதத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்: "'நீ செத்தால் நாங்கள் கட்டாயம் வருவோம். உன் குழிக்குள் முதலில் நான்தான் இறங்குவேன். சுற்றி நின்று எல்லோரும் சிரிப்போம். ஆகவே சீக்கிரம் கையெழுத்துப் போடு.'"

 எழுதும்போது எவ்வளவு பிரியமாக இருந்த வரிகள்! அந்த அம்மாள் வாயில் கேட்டபோது எனக்கே மிரட்டலாகத்தான் ஒலித்தது.

மசேகோ மெதுவாகத்தான் பேசினார். "நான் கதவுக்கு ரெண்டாவது பூட்டுப் போட்டிருக்கேன் மேடம். என் மனைவி, பேசாம மன்சினிக்கே திரும்பிடலாங்கிறா."

"மன்சினியா?" என்றேன் நான். "அது எந்தப் பக்கம்? சிப்பாட்டாவுக்கு மேலயா கீழயா?"

"சுவாசிலாந்து" என்றார்.

அக்கா, அவர் ங்கோனியே இல்லை. இந்த நாட்டுக்காரரே இல்லை. வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. நமக்கும் அவருக்கும் எந்த முறையும் கிடையாது. ஊர் பேர் தெரியாத ஒரு கௌரவமான மனிதருக்குச் செத்த எலி அனுப்பி, நீ சாகும்போது சிரிப்பேன் என்று எழுதி, கீழே கையெழுத்தும் கேட்டிருக்கிறேன். திரும்பவும் சொல்கிறேன், யாரும் என்னிடம் சொல்லவில்லை.

நான் எழுந்து நின்று, எழுதியது நான், வைத்தது நான், பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி, முறையைப் பற்றி விளக்கினேன். எவ்வளவு விளக்குகிறேனோ அவ்வளவு மோசமாக ஒலித்தது. "செத்தவர் வீட்டில் போய்ச் சிரிப்பது உங்கள் வழக்கமா?" என்று மசேகோ கேட்டபோது ஆமாம் என்றுதானே சொல்ல முடியும்? தலைவி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். தோங்காக்காரர்களுக்கு லோசிக்காரர்கள் இதேபோலக் கேலி முறை, அவருக்குத் தெரியாதா? கடைசியில் அவர், "கேட்லேர்ந்து ஜெரேயை வரச் சொல்லுங்க" என்றார்.

ஜெரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். குற்றவாளி நாற்காலியில் என்னைப் பார்த்தான். மறுபடி தொப்பியை மாட்டிக்கொண்டான்.

"அப்பாடா, பிடிச்சிட்டீங்களா மேடம்! நாலு வருஷமா சொல்றேன், இந்தக் குரங்கு தின்னிய கேட்லயே கட்டிப்போடணும்னு. என்னத்தத் திருடினான்?"

நிலைமையின் தீவிரம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் வாய் கேட்கவில்லை. "திருடறதுக்கு உங்க கூட்டத்துக்கிட்ட எலிப்பொறியத் தவிர என்னடா இருக்கு?"

"பொறிய வெச்சது நானு, விழுந்தது நீ. சரி, உன் பொண்டாட்டிக்கு இருமல் எப்படி இருக்கு? அந்த இலைய வெந்நீர்ல போட்டியா?"

"போட்டேன். ராத்திரி நல்லாத் தூங்குறா. உன் பையனுக்கு வேலை கெடச்சுதா?"

மசேகோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எலித் தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "சரி. மிரட்டல் இல்லைன்னு ஒத்துக்கறேன். அந்தப் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்." எனக்கு உயிர் வந்தது. கசுபா மூச்சு விட்டது கேட்டது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். அவர் பையைத் திறந்து என் அட்டவணையை எடுத்தார்.

"நான் எழுதினதும் கேலின்னு நெனச்சீங்க, இல்லையா? நான் கேலி பண்ணல. பத்து நாளும் பிற்பகல்ல இருபது நிமிஷத்துக்கு ஒரு பஸ். ரெண்டு மணி, ரெண்டு இருபது, ரெண்டு நாப்பது. ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இல்ல. ஞாயித்துக்கிழமையும் அப்படியே. ஞாயித்துக்கிழமை பிற்பகல்ல சிங்கோலாவுக்கு எத்தனை பஸ் இருக்கு?"

"ஒண்ணுமே கிடையாது சார். காலையில ரெண்டு போகும், அதோட சரி" என்றான் ஜெரே. அவனை யாரும் கேட்கவில்லை.

கசுபா என் பக்கம் திரும்பினாள். "மாமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அக்கா, நான் தூங்கினேன். மதியம் களி சாப்பிட்டுவிட்டுப் போய் நிழலில் உட்கார்ந்தால், வெயில் காலத்தில், பஸ்காரர்கள் கத்துகிற சத்தம் எனக்குத் தாலாட்டாகிவிடுகிறது. முதல் நாள் கண் விழித்தபோது மணி மூன்று ஐம்பது, காகிதம் வெள்ளையாக இருந்தது. பிள்ளையிடம் எப்படி வெறுங்காகிதத்தைக் கொடுப்பது? வண்டிகள் எப்படிப் போக வேண்டுமோ அப்படி நிரப்பினேன். மறுநாளும் தூங்கினேன். பத்து நாளும் தூங்கினேன். மசேகோ, எண்ணியவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார் என்று எழுதியபோது, அது நிஜம் என்று என் மனசுக்குத் தெரியும். கேலி என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. ங்கோனி என்று நான் முடிவு கட்டியதும் அதனால்தானோ என்னவோ. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன். மசேகோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்ணு பண்ணின தப்பு, எண்ணினவரை நம்பினதுதான். ஆனா இந்த அட்டவணையோட நான் கையெழுத்துப் போடமாட்டேன். உக்காரவே ஆள் வெக்கறாங்கன்னு எழுதியிருக்கறதையும் நான் இனிமே எப்படி நம்பறது? அதையும் யார் பாத்தா, யார் தூங்கினா, எனக்குத் தெரியாது. கடைசித் தேதிக்கு இன்னும் எட்டு பிற்பகல் இருக்கு."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க கசுபா எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். இரண்டு நாள் என் முன்னால் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. நானே எண்ணுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் மடக்கு நாற்காலியைத் தானே எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "குடை பிடிக்கவாவது வாங்க" என்றாள். ஆறு பிற்பகல்கள் வெயிலில் அவளுக்குக் குடை பிடித்தேன். வகுப்பை விட்டுவிட்டு அவள் எண்ணினாள். தூக்கம் வராமலிருக்கப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜெரே லீவு நாளில் வந்து, நான் கண்ணை மூடினால் குத்துவதற்கென்று குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாலாவது பிற்பகல் மசேகோ திடீரென்று வந்து நின்றார், கோட்டு போட்டுக்கொண்டு. நாங்கள் நிஜமாகவே எண்ணுகிறோமா என்று பார்க்கத்தான். பார்த்துவிட்டு, எப்படியும் சிங்கோலாவில் ஒரு வேலை இருக்கிறது என்று பஸ்ஸைத் தேடினார். "ஒரே ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு, ஏறினதும் கிளம்புது!" என்று கூவினார்கள். உள்ளே பார்த்தார், நிஜமாகவே ஒரு சீட்டுதான் காலி. ஏறி உட்கார்ந்தார். அக்கா, நானும் கசுபாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கசுபா என் கையைப் பிடித்து அழுத்தினாள். இரண்டு நிமிஷத்தில் ஒருவன் வாழைப்பழம் வாங்க இறங்கினான். ஒருவன் செருப்பு அறுந்துவிட்டது என்று இறங்கினான். ஒருத்தி குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று இறங்கினாள், அவளிடம் குழந்தையே கிடையாது. பதினொரு பேர் இறங்கினார்கள். மசேகோவும், மடியில் கோழி வைத்திருந்த ஒரு அம்மாளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டோடு ஐம்பத்திரண்டு நிமிஷம். கசுபா நிமிஷ நிமிஷமாகக் குறித்தாள்.

வியர்வையில் நனைந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "அந்தப் பதினொரு பேரும் எங்க போனாங்க?"

"அடுத்த பஸ்ல உக்காந்திருக்காங்க சார்" என்றாள் கசுபா.

அவர் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்திருந்தார்கள். செருப்பு அறுந்தவன் அவருக்குக் கையாட்டினான். அவர் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சிரிப்பாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது. மறுநாள் அவர் எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. நேற்று கட்டுரையை வாங்கிக்கொண்டு போனார். நம்பினாரா, அவமானப்பட்டுப் பழிவாங்கப் போகிறாரா, எனக்குத் தெரியவில்லை. கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. உள்ளே குரல் கேட்கிறது, அது அவர் குரல் மட்டும்தான். கசுபா பேசுவது கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐந்து.

அக்கா, இதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ ஒன்பதாவது படித்தாய், நான் ஏழாவது. ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்ன அன்று, உன் வகுப்பிலேயே முதலாக இருந்தவள் நீ, என் வகுப்பில் பதினான்காவதாக இருந்தவன் நான். நீ அப்பாவிடம், "எனக்குக் கணக்கே ஏற மாட்டேங்குதுப்பா, தம்பியே போகட்டும்" என்று சொன்னாய். என் கணக்கையெல்லாம் ராத்திரி போட்டுக்கொடுத்தது யார் என்று அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உன் பெட்டியில் என் துணிகளை அடுக்கிக் கொடுத்தாய். அந்தப் படிப்பில்தான் நான் கார்டு வேலைக்குப் போனேன், அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீடு. இதைக் கசுபாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாய், இன்றுவரை சொல்லவில்லை. நீ விட்ட படிப்பை உன் மகள் எட்டிப் பிடிக்கப்போகும் நேரத்தில் நான் போய் மரத்தடியில் தூங்கியிருக்கிறேன். இரண்டு தடவை உன் படிப்பைக் கெடுத்தவன் நான் ஒருவன்தான் இருப்பேன். கையெழுத்துக் கிடைக்காவிட்டால் நான் கசாமா பக்கம் தலைகாட்டப்போவதில்லை. கிடைத்தாலும், இனிப் பகலில் கண்ணை மூடமாட்டேன் என்று அப்பாவின் குழிமேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

உன் இடுப்பின் நலம் விரும்புகிறவன் சொல்வது, எண்ணெய் தேய்த்துக்கொள்ளவும். மச்சானுக்கு என் வணக்கம். சங்கத்துப் பெண்கள் நாற்பது பேருக்கும் தனித்தனியே என் மரியாதை, மேளத்தைக் கொஞ்சம் பொறுத்து வாங்கச் சொல்லவும். கடவுள் உன் வயலையும் கோழிகளையும் உன் தம்பியின் புத்தியையும் காப்பாராக.

மணி நாலு இருபது. கதவு திறக்கவில்லை. நான் விழித்திருக்கிறேன்.

உன் பாவப்பட்ட தம்பி,
பேசில் சிசெங்கா

பி.கு. அம்மா, இது கசுபா. மாமா தூங்குகிறார். நான் வெளியே வந்தபோது பேனா கையில் இருந்தது, வாய் திறந்திருந்தது. கடிதம் கீழே கிடந்ததால் எடுத்தேன், உன் பெயரைப் பார்த்ததால் படித்தேன்.

சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆபீசில் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டேன். உள்ளே சார் குரல் மட்டும் கேட்டதற்குக் காரணம், தான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த கதையை அவர் எனக்கு முதலிலிருந்து சொன்னதுதான். புது அட்டவணைக்குப் பக்கத்தில் பச்சை மையில், "இதை எண்ணியவர் விழித்திருந்திருக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். பழைய அட்டவணையையும் கடைசிப் பக்கத்தில் சேர்க்கச் சொன்னார், எண்ணாமல் எழுதினால் எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணமாக. உங்கள் அட்டவணை அச்சில் வருகிறது என்று மட்டும்தான் மாமாவிடம் சொல்லப்போகிறேன், நீயும் அப்படியே சொல். மாமாவுக்கு ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினார். "குடை பிடித்தவருக்கு: உங்கள் சாவுக்கு நானும் வருவேன். கோழி தயாராக இருக்கட்டும்." ஜெரே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கைடு பெயரைப் பலகையில் ஒட்டிய அன்றைக்கே, சார் சுவாசிலாந்துக்காரர் என்று நான் மாமாவிடம் சொன்னேன். ம், ம் என்று தலையாட்டினார். மத்தியானம் மணி மூன்று இருக்கும்.

நீ மாமாவுக்காகப் படிப்பை விட்ட பாராவை இரண்டு தடவை படித்தேன் அம்மா. கணக்கு வராததால்தான் பள்ளியை விட்டேன் என்று நீ என்னிடமும் சொல்லியிருக்கிறாய். ஆபீசில் விசாரித்துப் பார்த்தேன், சான்றிதழில் ஒரு பெயர்தான் போடுவார்களாம்.

ஐந்து அடிக்கப்போகிறது. மாமாவை எழுப்ப வேண்டும்.